நீரில் கரைந்த உலோகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கரைந்த உலோகங்களை நீரிலிருந்து பிரிக்கும் கவர்பொருள்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். கரி, மணல், சிலிக்கா, கடலைத்தோல் என ஏதாவது ஒன்றை எடுத்து, உலோக அயனியைப் பிடிக்கக்கூடிய வேதித்தொகுதியை அதன் மேற்பரப்பில் ஏற்றி, அதன் வழியே நீரைச் செலுத்துவதுதான் முறை. கல்லூரிகள், சிறு பட்டறைகள், வீடுகள் எனப் பல இடங்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

தேங்காய்த் தொட்டிக் கரியிலிருந்து தயாரித்த நல்ல ஆக்டிவேட்டட் கார்பன் (நுண்துளைகள் பெருகும்படி கிளர்வூட்டிய கரி) வாங்கினோம். சாயத்தை அருமையாக எடுக்கிறது. ஈயம், செம்பு கலந்த நீரில் போட்டால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கார்பன் போலியா?
— கல்லூரி ஆய்வகப் பணியாளர், காங்கேயம்

கார்பன் நல்லதுதான், நீங்கள் கொடுத்த வேலைதான் அதற்குப் பொருந்தவில்லை. ஒரு கிராம் தொட்டிக் கரிக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். ஆனால் அந்தப் பரப்பில் பெரும்பகுதி மின்சுமையற்ற கார்பன் தகடுகள். சாயம், குளோரின், வாசனைப் பொருள்கள் அதில் ஒட்டும். நீர் மூலக்கூறுகள் சூழ நிற்கும் செம்பு அயனிக்கு அங்கே பிடிமானம் கிடையாது. போதாக்குறைக்கு, நீராவியால் கிளர்வூட்டிய கார்பனின் மேற்பரப்பு காரத்தன்மை கொண்டது. நீரின் பி.எச். 8க்குக் கீழே இருந்தால் அது பெரும்பாலும் நேர்மின்சுமையோடு இருக்கும், நேர் அயனிகளைத் தள்ளிவிடும்.

மேற்பரப்பில் கார்பாக்சில் தொகுதிகளை, அதாவது எதிர்மின்சுமை ஏற்று உலோக அயனியைப் பிடிக்கும் அமிலத் தொகுதிகளை, உருவாக்கினால் இது மாறும். எளிய வழி நைட்ரிக் அமிலம். அடர் அமிலம் 1 பங்கு, நீர் 2 பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். அமிலத்தை நீரில்தான் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கலவையின் செறிவு 5 மோலாருக்குச் சற்று மேலே வரும். 10 கிராம் கார்பனுக்கு இதில் 100 மில்லி. புகைக்கூண்டுக்குள், மேலே குளிர்விப்பான் பொருத்திய கண்ணாடிக் குடுவையில், 80 முதல் 90 டிகிரியில் 3 மணி நேரம் வையுங்கள். செம்பழுப்புப் புகை வரும். அது நைட்ரஜன் டை ஆக்சைடு, நுரையீரலுக்குக் கொடியது. புகைக்கூண்டு இல்லாத இடத்தில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். குடுவையைக் கழுவ அசிட்டோனோ ஆல்கஹாலோ பக்கத்தில் வைத்திருப்பதும் ஆபத்து. அவை நைட்ரிக் அமிலத்தோடு சேர்ந்தால் வெடிக்கும்.

கஷ்டமான கட்டம் கழுவுவதுதான். அமிலம் நுண்துளைகளுக்குள் தங்கியிருக்கும். இரண்டு தடவை அலசிவிட்டுக் கார்பனை உலர்த்திப் பயன்படுத்தினால், சோதனைக் கரைசலின் பி.எச். 5லிருந்து 3க்கு இறங்கும். ஹைட்ரஜன் அயனி போட்டிக்கு வந்து உலோகத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மாற்றியமைத்த கார்பன் வேலை செய்யவில்லை என்று பலர் எழுதியிருப்பதற்குக் காரணம் இதுதான். முதலில் காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். பிறகு 0.1 மோலார் சோடியம் பைகார்பனேட்டில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். பழுப்பு நிறச் சாறு ஒன்று இறங்கும், அது முழுவதும் போகட்டும். கடைசியாக, கழுவுநீரின் பி.எச். மாறாமல் நிற்கும்வரை மறுபடி நீரில் அலசி, 105 டிகிரியில் உலர்த்துங்கள். சூட்டை 200 டிகிரிக்கு மேலே கொண்டுபோனால், பாடுபட்டு ஏற்றிய கார்பாக்சில் தொகுதிகள் கார்பன் டை ஆக்சைடாகப் பிரிந்து போய்விடும்.

அமிலத்தின் செறிவைக் கூட்டினால் திறனும் கூடும் என்று எண்ண வேண்டாம். துளைச் சுவர்கள் இடிந்து பரப்பு குறையும், தூளும் பெருகும்.

எந்த உலோகத்துக்கு எந்தத் தொகுதியை ஏற்ற வேண்டும்?
— பலர்

ஈயம், செம்பு ஆகியவற்றுக்குக் கார்பாக்சில். செம்பு, நிக்கலுக்கு நைட்ரஜன் உள்ள அமீனும் பொருந்தும். பாதரசம், காட்மியம், வெள்ளிக்குக் கந்தகம் உள்ள தயால். ஆர்செனிக்குக்கு இரும்பு ஆக்சைடு. அமில நீரில் உள்ள, எதிர்மின்சுமை கொண்ட குரோமேட்டுக்கு, புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) ஏற்று நேர்மின்சுமை பெற்ற அமீன். கால்சியம், மெக்னீசியம் போன்ற கடின அயனிகள் ஆக்சிஜனையும், பாதரசம் போன்ற மென் அயனிகள் கந்தகத்தையும் விரும்பும் என்று 1963ல் பியர்சன் வகுத்த விதி இங்கே அப்படியே உதவும். கடினநீரில் கார்பாக்சில் சீக்கிரம் நிரம்பிவிடுவதற்கும், தயால் அதே நீரில் தாக்குப்பிடிப்பதற்கும் இந்த விதியே காரணம்.

பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் வேப்பிலைத் தூளையும், பிறகு அமீன் ஏற்றிய கரியையும் போட்டேன். பி.எச். 2ல் மஞ்சள் நிறம் முழுவதும் மறைந்தது. டைபீனைல் கார்பசைடு முறையில் 99 சதவீதம் நீக்கம் என்று வந்தது. தேர்வாளர் இதை ஏற்க மறுக்கிறார். எங்கே தவறு?
— ஆய்வு மாணவி, ராணிப்பேட்டை

தேர்வாளர் கேட்டது சரிதான். நிறம் மறைந்தது என்பதால் குரோமியமும் மறைந்தது என்று ஆகாது. டைபீனைல் கார்பசைடு என்ற சோதனைப்பொருள், டைகுரோமேட்டில் உள்ள நச்சு வடிவமான குரோமியம்-6ஐ மட்டும்தான் 540 நானோமீட்டரில் ஊதா நிறமாகக் காட்டும். குரோமியம்-3 எவ்வளவு இருந்தாலும் அந்த முறைக்குத் தெரியாது.

பி.எச். 2ல் நடப்பதைப் பாருங்கள். இலைத்தூளிலும் கரியிலும் எலக்ட்ரானைக் கொடுக்கக்கூடிய பீனால், ஆல்கஹால் தொகுதிகள் நிறைய உண்டு. அமிலத்தில் குரோமியம்-6 வலிமையான ஆக்சிஜனேற்றி. இரண்டும் சந்தித்தால் குரோமியம்-6 எலக்ட்ரானை ஏற்று ஒடுங்கி, குரோமியம்-3 ஆகிறது. அது நேர் அயனி. பி.எச். 2ல் மேற்பரப்பும் நேர்மின்சுமையோடு இருப்பதால் அதில் ஒட்டாமல் நீரிலேயே தங்கிவிடும். ஆகவே உங்கள் 99 சதவீதத்தில் ஒரு பகுதி கவரப்பட்டது, மற்றொரு பகுதி உருமாறி நீரிலேயே கிடக்கிறது. எந்தப் பகுதி எவ்வளவு என்று உங்கள் அட்டவணை சொல்லவில்லை.

இதைச் சரிசெய்ய மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 2.829 கிராம் உலர்ந்த பொட்டாசியம் டைகுரோமேட்டை 1 லிட்டரில் கரைத்தால், லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் குரோமியம் உள்ள மூலக்கரைசல் கிடைக்கும். அதிலிருந்து நீர்த்துச் சோதனை செய்து, வடிகட்டிய நீரை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பகுதியில் டைபீனைல் கார்பசைடு முறையில் குரோமியம்-6. மறு பகுதியில் ஏ.ஏ.எஸ். (அணு உட்கவர் நிறமாலை) கருவியில் மொத்தக் குரோமியம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீரில் உள்ள குரோமியம்-3. கடைசியாக, பயன்படுத்திய கவர்பொருளை நைட்ரிக் அமிலத்தில் செரிக்கவைத்து அதிலுள்ள குரோமியத்தையும் அளவிடுங்கள். நீரில் உள்ளதும் கவர்பொருளில் உள்ளதும் சேர்ந்து, போட்ட அளவுக்குச் சமமாக வர வேண்டும். கணக்கு நேரானால் எந்தத் தேர்வாளரும் தடுக்க முடியாது.

சோதனையின்போது பி.எச். ஏறிக்கொண்டே போனால், ஒடுக்கம் நடப்பதற்கு அதுவும் ஓர் அறிகுறி. ஒடுக்க வினை ஹைட்ரஜன் அயனியைத் தின்னும்.

ஒடுக்கம் கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. குரோமியம்-3இன் நச்சுத்தன்மை மிகக் குறைவு. பி.எச்.ஐ 8 முதல் 8.5 வரை உயர்த்தினால் பச்சை நிற ஹைட்ராக்சைடாக வீழ்படிந்துவிடும். ஒடுக்கம் நடந்ததை ஒடுக்கம் என்றே எழுதி, இரண்டாம் கட்டமாக வீழ்படிவையும் சேர்த்தால் உங்கள் ஆய்வு முழுமை பெறும்.

இன்னொன்றையும் ராணிப்பேட்டையில் இருந்து எழுதும் நீங்கள் கவனிக்க வேண்டும். உங்கள் ஊரில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கிறது. குரோமைட் தாதுவைச் சோடா சாம்பலோடு வறுத்து எடுத்தபின் மிஞ்சிய கழிவு என்பதால் அது காரத்தன்மை கொண்டது. அதிலிருந்து கசிவது குரோமியம்-6. பி.எச். 8ல் இருக்கும் கசிவுநீரில் அமீன் புரோட்டானை இழந்துவிடும். பைகார்பனேட்டும் சல்பேட்டும் போட்டிக்கு வரும். பி.எச். 2ல் கண்ட திறனின் சிறு பகுதிதான் மிஞ்சும். அந்த நீரை நோக்கமாகக் கொண்டால், எந்தப் பி.எச்.சிலும் நேர்மின்சுமை மாறாத நான்கிணைய அமோனியம் தொகுதியை ஏற்றுங்கள். அல்லது பெரஸ் சல்பேட்டால் ஒடுக்குங்கள். ஒரு கிராம் குரோமியம்-6க்குக் கணக்குப்படி 16 கிராம் பெரஸ் சல்பேட் படிகம் (ஏழு நீர் மூலக்கூறு கொண்டது) தேவை, நடைமுறையில் சற்றுக் கூடுதலாகவே ஆகும். தோல் பதனிடும் தொட்டியிலிருந்து வரும் நீர் இதிலிருந்து வேறு. அங்கே பெரும்பாலும் குரோமியம்-3தான், கூடவே ஏராளமான உப்பும் புரதமும். இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் குழப்பிவிடாதீர்கள்.

பி.எச். கூடக்கூடச் செம்பு நீக்கமும் கூடுகிறது. பி.எச். 8ல் 100 சதவீதம். அதையே சிறந்த பி.எச். என்று எழுதலாமா?
— முதுகலை மாணவர், திருச்சி

எழுதக் கூடாது. கவர்பொருளே போடாமல் அதே கரைசலைப் பி.எச். 8க்குக் கொண்டுவந்து வடிகட்டிப் பாருங்கள். அப்போதும் செம்பு போயிருக்கும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் செம்பு உள்ள கரைசலில், கரைதிறன் பெருக்கக் கணக்குப்படி, பி.எச். 5.6 அளவிலேயே செம்பு ஹைட்ராக்சைடு வீழ்படியத் தொடங்கும். அதற்கு மேலே நீங்கள் அளப்பது வடிதாள் பிடித்த வீழ்படிவு. ஒவ்வொரு பி.எச்.சுக்கும் கவர்பொருள் இல்லாத ஒரு குடுவை கட்டாயம் வேண்டும். செம்புக்கு 5 அல்லது 5.5ஐத் தாண்டாமல் வேலை செய்யுங்கள்.

கவர்பொருளின் சுழி மின்சுமைப் புள்ளியை, அதாவது அதன் மேற்பரப்பின் நிகர மின்சுமை சுழியாகும் பி.எச்.ஐக் கண்டுபிடிப்பதும் கடினமில்லை. 0.01 மோலார் சோடியம் குளோரைடு கரைசலை 50 மில்லி வீதம் குடுவைகளில் எடுத்து, பி.எச்.ஐ 2 முதல் 12 வரை ஒவ்வொன்றாக வையுங்கள். ஒவ்வொன்றிலும் 0.15 கிராம் கவர்பொருள். மூடி, 48 மணி நேரம் குலுக்கி, இறுதிப் பி.எச். பாருங்கள். ஆரம்பமும் முடிவும் சமமாக இருக்கும் இடம்தான் அந்தப் புள்ளி. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நடுப்பகுதி அளவுகளை இழுத்துவிடும். கொதிக்கவைத்து ஆறவைத்த நீரைப் பயன்படுத்தி, குடுவையை விளிம்புவரை நிரப்புங்கள்.

வடிதாளும் உலோகத்தைப் பிடிக்கும். வடிநீரில் முதல் சில மில்லியை விட்டுவிட்டுப் பிறகு சேகரியுங்கள். கண்ணாடிப் பாத்திரங்களை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து அலசிப் பயன்படுத்துங்கள். மாதிரியை வடிகட்டிய பிறகுதான் அமிலம் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். வடிகட்டுமுன் அமிலம் ஊற்றினால், கவர்பொருள் பிடித்ததெல்லாம் மீண்டும் நீருக்கு வந்துவிடும்.

நீக்க சதவீதம், ஒரு கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற திறன். எதை நம்புவது? கவரும் வேகத்தை விளக்கும் இரண்டாம் படி மாதிரி 0.99 பொருத்தம் தருகிறதே, அப்படியானால் வேதிப்பிணைப்பு உறுதிதானே?
— பெயர் வெளியிட விரும்பாத ஆய்வு மாணவர்

சதவீதத்தை எவரும் கூட்டிக்காட்டலாம், கவர்பொருளை அள்ளிப் போட்டால் போதும். திறன்தான் ஒப்பிட உதவும். 50 மில்லி நீர், லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஈயம், 0.1 கிராம் கவர்பொருள் என்று வையுங்கள். முடிவில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் மிஞ்சினால், குறைந்தது 45. அதை 0.05 லிட்டரால் பெருக்கி 0.1 கிராமால் வகுத்தால், கிராமுக்கு 22.5 மில்லிகிராம். ஆனால் திறனைச் சொல்லும்போது பி.எச்., வெப்பநிலை, சமநிலையில் மிஞ்சிய செறிவு மூன்றையும் சொல்லியாக வேண்டும். குடிநீரில் ஈயத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் செறிவில் கிடைத்த லாங்மியர் உச்சத் திறன் (மேற்பரப்பு முழுவதும் நிரம்பினால் என்று கணக்கிட்ட அளவு) அந்த நிலைக்குச் செல்லுபடியாகாது.

வேதிப்பிணைப்பு உறுதி என்று சொல்லவே முடியாது. அந்த மாதிரியின் நேர்கோட்டு வரைபடத்தில் நேரம் இரண்டு அச்சிலும் இருக்கிறது. சமநிலையை எட்டிய எந்தத் தரவும் அதில் நேர்கோடாகத்தான் விழும். பொருத்தம் 0.99 என்பது பிணைப்பு எத்தகையது என்று சொல்லாது. அதற்கு அகச்சிவப்பு நிறமாலையோ எக்ஸ்.பி.எஸ். எனப்படும் எக்ஸ்-கதிர் ஒளியெலக்ட்ரான் நிறமாலையோ வேண்டும்.

செலவில்லாமல் பள்ளிச் செயல்திட்டத்துக்கு ஒரு கவர்பொருள் சொல்லுங்கள். நைட்ரிக் அமிலம் எங்களிடம் கிடையாது.
— வேதியியல் ஆசிரியை, விருத்தாசலம்

உங்கள் வட்டாரத்தில் நிலக்கடலைத் தோலுக்கு, அதாவது மேல் ஓட்டுக்கு, பஞ்சமில்லை. எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலத்தை வைத்தே அதை மாற்றலாம்.

தோலை இடித்து, அரை மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட துகளைச் சலித்து எடுங்கள். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் பழுப்புச் சாறு கழன்றுவிடும். காரம் போகும்வரை அலசுங்கள். ஒரு லிட்டரில் 126 கிராம் சிட்ரிக் அமிலம் (ஒரு நீர் மூலக்கூறு கொண்ட படிகம்) கரைத்தால் 0.6 மோலார். 10 கிராம் தோலுக்கு இதில் 70 மில்லி ஊற்றிக் கலந்து, தட்டில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கனமில்லாமல் பரப்பி, 60 டிகிரி அடுப்பில் ஓர் இரவு உலர்த்துங்கள். மறுநாள் 120 டிகிரியில் 90 நிமிடம். இந்தச் சூட்டில் சிட்ரிக் அமிலம் நீரை இழந்து நீரிலியாகி, செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதியோடு எஸ்டராகப் பிணைகிறது. மிச்சமுள்ள கார்பாக்சில் தொகுதிகள் செம்பைப் பிடிக்கும்.

பிணையாத அமிலத்தை வெந்நீரில் கழுவி நீக்க வேண்டும். கழுவுநீரின் பி.எச். நீங்கள் ஊற்றிய நீரின் அளவுக்கே வந்தால் போதும். அரைகுறையாகக் கழுவினால் கரைந்த சிட்ரேட் செம்பைத் தன்னோடு நீரிலேயே வைத்துக்கொள்ளும், தோலிடம் விடாது. சூடு 140ஐத் தாண்டினால் தோல் கறுக்கும், ஒரே சிட்ரிக் மூலக்கூறு இரண்டு இடத்தில் பிணைந்து கார்பாக்சில் வீணாகும். தட்டின் நடுவில் ஈரம் இருந்தால் அந்தப் பகுதி மாறவே மாறாது.

மாணவர்களுக்குச் செம்பு போதும், ஈயத்தைக் கையில் கொடுக்காதீர்கள். 3.929 கிராம் மயில்துத்தத்தை (செம்பு சல்பேட் படிகம்) 1 லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் செம்பு. பயன்படுத்திய தோலை 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி மீட்கலாம். காரத்தில் கழுவினால் எஸ்டர் பிணைப்பு உடைந்து பழைய தோலாகிவிடும். மாற்றாத தோல் ஒன்றையும் பக்கத்திலேயே வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள், அது இல்லாமல் இந்தச் சோதனைக்குப் பொருளில்லை.

தயால் தொகுதி ஏற்றிய மெர்காப்டோ சிலிக்கா தயாரித்தோம். முதலில் பாதரசத்தை நன்றாக எடுத்தது. சில மாதத்தில் திறன் பாதியாகிவிட்டது.
— ஆராய்ச்சிக் கூடம், கோவை

காற்றுப்பட்டு தயால்கள் இரண்டிரண்டாக இணைந்து டைசல்பைடு ஆகியிருக்கும். நைட்ரஜன் நிரப்பிய புட்டியில், குளிரில் வையுங்கள். தயாரிக்கும்போது சிலிக்காவையும் கரைப்பானாகிய டொலுயீனையும் நன்றாக உலர்த்தினீர்களா என்பதையும் பாருங்கள். ஈரம் இருந்தால், தயாலைச் சிலிக்காவோடு இணைக்கும் சிலேன் மேற்பரப்பில் பிணையாமல் தனக்குள்ளேயே இணைந்து பிசினாகி, துளைகளை அடைக்கும். பாதரச மாதிரிகளை பிளாஸ்டிக் புட்டியில் சேமிக்காதீர்கள். சுவர் வழியாகவும் ஆவியாகவும் பாதரசம் குறையும், அந்தக் குறைவு கவர்பொருளின் கணக்கில் ஏறிவிடும்.

நிக்கல் முலாம் பூசும் சிறு பட்டறை. நாளொன்றுக்கு 500 லிட்டர் அலசல் நீர், லிட்டருக்கு 40 மில்லிகிராம் நிக்கல். கார்பாக்சில் ஏற்றிய கார்பனை ஒரு குழாயில் நிரப்பினால் வேலை முடியுமா?
— கோவையிலிருந்து ஒருவர்

முதலில் கணக்கைப் பார்ப்போம். 500 லிட்டரில் 40 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 20 கிராம் நிக்கல். ஓடும் நீரில், மற்ற அயனிகளின் நடுவே, அந்தக் கார்பன் கிராமுக்கு 10 மில்லிகிராம் எடுக்கும் என்று வையுங்கள். நாளுக்கு 2 கிலோ கார்பன் தீரும். கட்டுப்படியாகாது.

பெரும்பங்கை வீழ்படிவாக எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கவர்பொருளுக்கு விடுங்கள். அலசல் நீரின் பி.எச்.ஐக் காஸ்டிக் சோடாவால் 10க்கு உயர்த்தி, படியவைத்து, மணல் வடிகட்டியில் விடுங்கள். சுண்ணாம்பு மலிவுதான். ஆனால் அதன் கால்சியம் பின்னால் கார்பாக்சில் இடங்களை நிரப்பும். வடிகட்டிய பிறகே அமிலம் விட்டுப் பி.எச்.ஐ 6.5க்கு இறக்க வேண்டும். வரிசை மாறினால் படிந்த நிக்கல் மறுபடி கரைந்துவிடும். பலரும் வழுக்கும் இடம் இது.

இப்போது நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் மிஞ்சியது என்றால் நாளுக்கு 2.5 கிராம். 25 கிலோ கவர்பொருள் கிராமுக்கு 10 மில்லிகிராம் எடுத்தால் 250 கிராம், அதாவது 100 நாள் தாங்கும். 25 கிலோ சுமார் 50 லிட்டர் இடம் பிடிக்கும். உள்விட்டம் 25 சென்டிமீட்டர், படுகை உயரம் ஒரு மீட்டர். 8 மணி நேரத்தில் 500 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல், படுகையில் நீர் ஏறத்தாழ 50 நிமிடம் தங்கும். தாராளம்.

ஒரே தூணாக வைக்காமல் இரண்டை வரிசையாக வையுங்கள். முதல் தூணின் வெளிநீரில் நிக்கல் ஏறத் தொடங்கினாலும் இரண்டாவது தாங்கும். முதலாவது நிரம்பியதும் அதைக் கழற்றிப் புதுப்பித்து, பின்னால் பொருத்துங்கள். துகள் 0.5 முதல் 1 மில்லிமீட்டர். பொடி கலந்திருந்தால் அழுத்தம் ஏறி ஓட்டம் நின்றுவிடும். தூணைப் பாதிவரை நீரால் நிரப்பிவிட்டு, நனைத்த கவர்பொருளை மெதுவாக விடுங்கள். உலர்ந்த துகளைக் கொட்டிவிட்டு நீர் விட்டால் காற்றுக்குமிழி சிக்கும், நீர் சில தடங்களில் மட்டும் ஓடும், நிரம்பாமலேயே நிக்கல் வெளியே வரும்.

கோவைப் போர்வெல் நீர் கடினமாக இருந்தால், அலசவே அதைப் பயன்படுத்தாதீர்கள். கடினத்தைத் தவிர்க்க முடியாவிட்டால் இமினோ டைஅசிட்டேட் தொகுதி உள்ள கிலேட் பிசினுக்கு (உலோக அயனியைப் பல முனைகளால் இடுக்கிப் பிடிக்கும் பிசின்) மாறுங்கள். விலை அதிகம், ஆனால் கால்சியத்தை விட்டுவிட்டு நிக்கலைப் பிடிக்கும். மின்சாரமில்லா நிக்கல் முலாமின் அலசல் நீரை இதோடு கலக்கவே கூடாது. அதிலுள்ள சிட்ரேட் போன்ற சேர்மங்கள் நிக்கலைக் கட்டிவைத்திருக்கும். வீழ்படியவும் செய்யாது, ஒட்டவும் செய்யாது.

உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு நிக்கல் வரம்பு லிட்டருக்கு 3 மில்லிகிராம்.

போர்வெல் நீர் எடுக்கும்போது தெளிவாக இருக்கிறது. சிறிது நேரத்தில் மஞ்சளாகி, வாளியில் கறை படிகிறது. கார்பன் வடிகட்டி போடலாமா?
— இல்லத்தரசி, கடலூர்

வேண்டாம் அம்மா. அது கரைந்த இரும்பு. காற்றுப்பட்டதும் துருவாக மாறிப் படிகிறது. கார்பனில் விட்டால் துரு அதன் துளைகளை அடைத்துவிடும், சில வாரத்தில் கார்பன் வீண். நீரைத் தூவாளை வழியாகத் தொட்டியில் விழச்செய்து, சில மணி நேரம் படியவிட்டு, மணல் வடிகட்டியில் விடுங்கள். பி.எச். 7க்கு மேல் இருந்தால் இதுவே பெரும்பாலும் போதும். 6.5க்குக் கீழே இருந்தால் துருவாவது மெதுவாகும். அப்போது மாங்கனீஸ் டை ஆக்சைடு பூசிய மணல் உதவும், அந்தப் பூச்சு இரும்பின் ஆக்சிஜனேற்றத்தை விரைவுபடுத்தும். வடிகட்டியை இரண்டு மூன்று நாளுக்கொருமுறை எதிர்த்திசையில் நீர் விட்டுக் கழுவ வேண்டும்.

நீரின்மேல் எண்ணெய்ப் படலம்போல் மின்னினால் குச்சியால் கலைத்துப் பாருங்கள். ஓடுபோல் உடைந்து அப்படியே நின்றால் இரும்புப் பாக்டீரியாவின் படலம். மறுபடி ஒன்றுகூடினால் எண்ணெய்.

தேற்றான்கொட்டை உரைத்த நீரில் உலோகம் போகுமா?
— பலர்

கலங்கல் போகும். கொட்டையிலுள்ள பொருள்கள் களிமண் துகள்களைச் சேர்த்துப் படியவைக்கும், அத்துகள்களோடு ஒட்டியிருந்த உலோகமும் போகும். தெளிந்த நீரில் கரைந்திருக்கும் ஈயத்தையோ ஆர்செனிக்கையோ குடிக்கத்தக்க அளவுக்குக் குறைக்க அதை நம்ப வேண்டாம்.

மேற்கு வங்கத்தில் ஆர்செனிக்குக்கு இரும்பு பூசிய மணல் பயன்படுகிறதாமே? சென்னை ஐ.ஐ.டி.யின் அம்ரித் என்ற நீர் வடிகட்டும் முறையும் அதேதானா?
— பொறியியல் மாணவர், மதுரை

தத்துவம் ஒன்று, பொருள் வேறு. இரும்பு ஆக்சைடின் மேற்பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதியை வெளியேற்றிவிட்டு ஆர்செனேட் அங்கே நேரடியாக இரும்போடு பிணைகிறது. மணலில் பூச, 200 கன சென்டிமீட்டர் கழுவிய மணலுக்கு 2 மோலார் பெரிக் நைட்ரேட் 80 மில்லியும், 10 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 1 மில்லியும் சேர்த்து, 110 டிகிரியில் 14 மணி நேரம் வைத்து, கழுவுநீர் தெளியும்வரை அலசுவது ஒரு வழக்கமான முறை. அம்ரித்தில், பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு, இரும்பு ஆக்ஸிஹைட்ராக்சைடு நுண்துகள்களைக் கைட்டோசான் என்ற இயற்கைப் பலபடியின் வலைக்குள் அடக்கியது. துகள் சிறிதாகவே நிலைத்திருப்பதால் பரப்பு அதிகம், நீரோடு கழன்று போகாது.

இரண்டுக்கும் பொதுவான சிக்கல் ஆர்செனிக்-3. பி.எச். 9 வரை அதற்கு மின்சுமையே கிடையாது, ஆர்செனேட்டில் உள்ள ஆர்செனிக்-5 அளவுக்குப் பிடிபடாது. கங்கைச் சமவெளியின் ஆழ்குழாய் நீர் ஆக்சிஜன் இல்லாத நிலத்தடியிலிருந்து வருவதால் பெரும்பங்கு ஆர்செனிக்-3ஆக இருக்கும். சிறிதளவு குளோரின் விட்டு ஆர்செனிக்-5 ஆக்கிய பிறகு வடிகட்டினால் படுகை கூடுதல் நாள் உழைக்கும். அதே நீரில் பாஸ்பேட் இருந்தால் அது ஆர்செனேட்டைப் போன்ற வடிவமுடையது, இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீரில் பார்த்துவிட்டு ஆயுளைக் கணிக்காதீர்கள். வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்.

நிரம்பிய கவர்பொருளை என்ன செய்வது? செங்கல் சூளையில் கலந்துவிடலாம் என்கிறார்கள்.
— கோவை, ராணிப்பேட்டை வாசகர்கள்

கலக்காதீர்கள். குரோமியம் உள்ள பொருளைக் காற்றோட்டமான சூளையில் சுட்டால் குரோமியம்-3 மறுபடி குரோமியம்-6 ஆகக்கூடும், கூடவே சுண்ணாம்பு இருந்தால் இன்னும் எளிது. பாதரசமும் ஆர்செனிக்கும் புகையோடு போகும்.

மீட்கக்கூடியதை முதலில் மீட்டெடுங்கள். கார்பாக்சில், கிலேட் வகைகளுக்கு நீர்த்த அமிலம். பூசிய இரும்பு ஆக்சைடில் அமிலம் விட்டால் பூச்சே கரையும், அதற்கு 0.1 முதல் 1 மோலார் வரை காஸ்டிக் சோடா. மீட்புநீர் படுகையின் கொள்ளளவைப் போல் நான்கைந்து மடங்குக்குள் முடியட்டும், அளவு பெருகினால் செறிவு குறைந்து மறுபடி அதே சிக்கல்தான். மீட்ட நிக்கல் கரைசலைச் சல்பேட்டாக, அதாவது கந்தக அமிலத்தால் எடுத்தால், தூய்மையைச் சோதித்து முலாம் தொட்டிக்கே திருப்ப வாய்ப்புண்டு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் எடுத்தால் குளோரைடு கூடித் தொட்டியின் சமநிலை கெடும்.

தீர்ந்துபோன கவர்பொருளும் வீழ்படிவுச் சேறும் 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் கீழ் வரும். மழைபடாத கூரையின் கீழ், மூடிய பீப்பாயில், உலோகத்தின் பெயரும் நிரப்பிய தேதியும் எழுதி வையுங்கள். 90 நாளுக்கு மேல் வளாகத்தில் தேக்கக் கூடாது. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியோடு கும்மிடிப்பூண்டியில் உள்ள பொது அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். பீப்பாயில் அமிலம் நனைந்த பொருளையும் சல்பைடு கலந்த சேற்றையும் ஒன்றாகப் போடாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளியாகும், மூடியைத் திறப்பவரின் உயிருக்கு ஆபத்து.